பழைய ஃபோர் வீல் டிரைவ் வண்டியில் ஊளைச் சத்தமா? விலை பேசுறதுக்கு முன்னாடி ரெண்டு மணி நேரம் செலவழிங்க



வரி ரிட்டர்ன் வேலை கொஞ்சம் ஓய்ஞ்சதும் எங்க ஆபீஸுக்கு வேற மாதிரி கேள்விகள் வர ஆரம்பிக்கும். "பழைய தார் ஒண்ணு வருது தம்பி, நாலே முக்கால் சொல்றான், வாங்கலாமா?" சிவகிரி, வாசுதேவநல்லூர், புளியங்குடி பக்கம் மலையடிவாரத்தில் எலுமிச்சை, தென்னை, மா வச்சிருக்கிறவங்களுக்கு இந்த ஆசை ரொம்ப நியாயமானது. ஐப்பசி, கார்த்திகை மழையில் ஓடை தாண்டி தோப்புக்குப் போகணும்னா சாதாரண கார் பாதியில் நின்னுடும். புது ஃபோர் வீல் டிரைவ் வாங்க பட்ஜெட் இல்ல. அதனால பத்துப் பதினஞ்சு வருஷம் ஓடின மஹிந்திரா தார், அதுக்கும் முந்தின எம்எம் 540 ஜீப், இல்லேன்னா மாருதி ஜிப்ஸி. சந்தையில் கிடைக்கிறது பெரும்பாலும் இதுதான். ஜிப்ஸி 1985-ல் வந்த வண்டி, இப்ப புதுசா கிடையாது. பழைய தார் 2010-ல் வந்து 2020 வரைக்கும் ஓடிச்சு. அதுக்கப்புறம் வந்தது முழுக்கவே வேற வண்டி.

வாங்குறவங்க எஞ்சினைப் பார்ப்பாங்க, பெயின்ட்டைப் பார்ப்பாங்க, டயரைப் பார்ப்பாங்க. டெஸ்ட் டிரைவ்ல ஒரு "உய்ங்..." சத்தம் வரும், இல்லேன்னா தரை லேசா அதிரும். கேட்டா விற்கிறவர் சொல்ற பதில் எப்பவும் ஒண்ணுதான்: "ஃபோர் வீல் டிரைவ்னா அப்படித்தான் அண்ணாச்சி இருக்கும்."

பிரச்சினை என்னன்னா, அது சில சமயம் உண்மை.

ஒரு கம்பெனி கணக்கில் காட்டாத கடன் எங்க ஒளிஞ்சிருக்குன்னு தேடுறது எங்க தொழில். இந்த மாதிரி வண்டியில் அந்தக் கடன் வண்டிக்கு அடியில், ஹவுசிங்குக்குள்ள ஒளிஞ்சிருக்கும். நான் மெக்கானிக் இல்ல. ஆனா இன்னைக்கு நான் சொல்லப்போறது மெக்கானிக்கிட்ட போறதுக்கு முன்னாடி நீங்களே செய்ய வேண்டிய வேலை. ஒரே சத்தத்துக்குப் பின்னாடி சில ஆயிரமும் இருக்கலாம், அரை லட்சமும் இருக்கலாம். எதுன்னு சொல்றது சத்தத்தோட அளவு இல்ல. அது எப்ப வருது, எப்ப நிக்குதுங்கிறதுதான். அதைக் கவனிச்சு எழுதி வச்சிருக்கிறவர் கையில்தான் பேரம் இருக்கும்.

முதல்ல சக்தி எந்த வழியா போகுதுன்னு ஒரு தடவை பார்த்துக்கலாம். எஞ்சின், கிளட்ச், கியர் பாக்ஸ். அதுக்குப் பின்னாடி டிரான்ஸ்ஃபர் கேஸ்னு இன்னொரு பெட்டி. சக்தியை முன்னாடியும் பின்னாடியும் பிரிச்சுக் கொடுக்கிறது அதுதான். அங்கிருந்து முன்னாடி ஒரு ப்ரொப்பல்லர் ஷாஃப்ட், பின்னாடி ஒண்ணு. ஒவ்வொரு ஷாஃப்ட்டோட ரெண்டு முனையிலும் ஜாயின்ட் கிராஸ். முடிவில் முன் ஹவுசிங், பின் ஹவுசிங். அதுக்குள்ள கிரவுன் பினியன், டிஃபரன்ஷியல். சாதாரண பின் சக்கர வண்டியோட ஒப்பிட்டா ஒரு கியர் பெட்டியும், ஒரு ஷாஃப்ட்டும், ஒரு டிஃபரன்ஷியலும் கூடுதல். சத்தம் வர்ற இடமும் அவ்வளவு கூடுதல். ஜிப்ஸியில் டிரான்ஸ்ஃபர் கேஸ் கியர் பாக்ஸோட ஒட்டி இருக்காது. தனியா ரப்பர் மவுன்ட்டில் உட்கார்ந்திருக்கும், நடுவில் ஒரு குட்டி ஷாஃப்ட் இணைக்கும். ஆக அதில் மொத்தம் மூணு ஷாஃப்ட்.

இயல்பான சத்தம்னு ஒண்ணு இருக்கத்தான் செய்யுது

ஜிப்ஸியிலும் பழைய ஜீப்பிலும் ரெண்டு சக்கர ஓட்டத்தில் போகும்போது கூட சக்தி டிரான்ஸ்ஃபர் கேஸ் பற்கள் வழியாகத்தான் போயாகணும். அதனால ஒரு மெல்லிய ஊளை அதுகூடவே பிறந்தது. ஃபோர் லோ போட்டா இன்னும் கூடும். அது தப்பு இல்ல. வேகத்தோட சீரா ஏறி சீரா இறங்கும், ஆக்சிலேட்டரை மிதிச்சாலும் விட்டாலும் பெருசா மாறாது, தரையில் அதிர்வு இருக்காது.

கவலைப்பட வேண்டிய சத்தம் ஒரு குறிப்பிட்ட வேகத்தில் மட்டும் எழும், இல்ல மிதிச்சா மட்டும் வரும், இல்ல விட்டா மட்டும் வரும். அதாவது அதுக்கு ஒரு நிபந்தனை இருக்கும். அந்த நிபந்தனையைக் கண்டுபிடிக்கிறதுதான் அடுத்த ரெண்டு மணி நேர வேலை.

ரோட்டில் எடுக்குறதுக்கு முன்னாடி

வண்டி நிக்கட்டும். நியூட்ரல், ஹேண்ட் பிரேக். எஞ்சினை ஸ்டார்ட் பண்ணி மெதுவா ரேஸ் பண்ணுங்க. நிக்கிற வண்டியிலேயே ஊளை வந்து, ரேஸ் ஏற ஏற சத்தமும் ஏறினா, அது ஷாஃப்ட்டும் இல்ல, ஹவுசிங்கும் இல்ல. அந்த ரெண்டும் இப்ப சுத்தவே இல்லியே. ஆல்டர்னேட்டர், பெல்ட், பவர் ஸ்டீயரிங் பம்ப், இல்ல கியர் பாக்ஸோட முன் பக்கம். இப்ப கிளட்சை மிதிங்க. மிதிச்சதும் சத்தம் நின்னா கியர் பாக்ஸ் உள்ளே இன்புட் பக்கத்து பேரிங் மேல சந்தேகம். மிதிச்சாதான் சத்தம் வருதுன்னா கிளட்ச் ரிலீஸ் பேரிங். பாருங்க, ஒரு ரூபாய் செலவில்லாம ரெண்டு வேற வேற பில்லைப் பிரிச்சாச்சு. ரிலீஸ் பேரிங் விலை சின்னதுதான், ஆனா அதை மாத்த கியர் பாக்ஸை இறக்கணும். அதனால கூலிதான் பெருசு, கிளட்ச் தட்டையும் சேர்த்தே மாத்திடுவாங்க. இதையும் குறிச்சு வச்சுக்கோங்க.

அடுத்து, எஞ்சின் ஓடட்டும். பிரேக்கை மிதிச்சுக்கிட்டு ஃபர்ஸ்ட், ரிவர்ஸ், ஃபர்ஸ்ட்னு மாத்தி மாத்தி கிளட்சை லேசா பிடிச்சு விடுங்க. அடியில் இருந்து "டொக்" "டொக்"னு வந்தா ஜாயின்ட் கிராஸில் ஆட்டம் இருக்கு, இல்ல ஹவுசிங்குக்குள்ள பல்லுக்கும் பல்லுக்கும் இடைவெளி கூடியிருக்கு.

ரோட்டில்: ஜன்னலை மூடி ஒரு தடவை, திறந்து ஒரு தடவை

நம்ம ஊரில் இதுக்கு வசதியான இடம் திருமங்கலம் - கொல்லம் தேசிய நெடுஞ்சாலை 744. சிவகிரியிலிருந்து வாசுதேவநல்லூர் பக்கமோ ராஜபாளையம் பக்கமோ, விடியற்காலையில், லாரி குறைவா இருக்கிற நேரம். பக்கத்தில் ஒருத்தரை உட்கார வச்சு எழுதச் சொல்லுங்க. ஓட்டிக்கிட்டே போன்ல குறிக்காதீங்க. ரேடியோ, ஏசி எல்லாம் ஆஃப். வண்டி ரெண்டு சக்கர ஓட்டத்தில்தான் இருக்கணும். இந்த வண்டிகளில் முன்னும் பின்னும் நேரடியா பூட்டிக்கும். காய்ஞ்ச தார் ரோட்டில் ஃபோர் வீல் போட்டுத் திரும்பினா முன் சக்கரமும் பின் சக்கரமும் வேற வேற தூரம் ஓடணும். அதுக்கு வழியில்லாம ஷாஃப்ட் முறுக்கிக்கும். விற்கிறவர் தார் ரோட்டிலேயே ஃபோர் வீல் போட்டுக் காட்டினார்னா, இத்தனை வருஷம் வண்டியை எப்படி ஓட்டியிருக்கார்ங்கிறதுக்கு அதுவே ஒரு சாட்சி.

முதல் சோதனை: 60-ல் போய், ஆக்சிலேட்டரை விட்டு, நியூட்ரலுக்கு வாங்க. எஞ்சினை ஆஃப் பண்ணாதீங்க. பிரேக் பூஸ்டரும் ஸ்டீயரிங்கும் வேணும். நியூட்ரலில் உருளும்போது சத்தம் அப்படியே தொடர்ந்து, வேகம் குறையக் குறைய அதுவும் குறைஞ்சா, காரணம் எஞ்சின் பக்கம் இல்ல. ஷாஃப்ட், ஹவுசிங், சக்கர பேரிங், டயர், இதில் ஒண்ணு. நியூட்ரலுக்கு வந்ததும் சத்தம் மாறினாலோ நின்னாலோ, சுமை ஏறினா மட்டும் கத்துற ஏதோ ஒண்ணு.

ரெண்டாவது சோதனை: கியர் கியரா பாருங்க. இந்த வகை பின் சக்கர கியர் பாக்ஸில் பெரும்பாலும் நாலாவது கியர் நேர் இணைப்பு. இன்புட் ஷாஃப்ட் சுத்துற அதே வேகத்தில் அவுட்புட்டும் சுத்தும். சக்தி கீழே இருக்கிற லே ஷாஃப்ட் வழியா போகாது. அதனால 1, 2, 3-ல் ஊளை, நாலில் மட்டும் அமைதின்னா, லே ஷாஃப்ட்டோ அதோட பேரிங்கோ போயிருக்கு. ஒரே ஒரு கியரில் மட்டும்னா அந்தக் கியரோட பல். எல்லாக் கியரிலும் ஒரே மாதிரின்னா கியர் பாக்ஸை விட்டுட்டு பின்னாடி போங்க.

மூணாவதுதான் விலை உயர்ந்த சோதனை. 50-லிருந்து 70 வரைக்கும் டாப் கியரில் மெதுவா மிதிச்சு ஏத்துங்க, ஒரே வேகத்தில் பிடிங்க, பிறகு காலை எடுத்து தானா இறங்க விடுங்க. மிதிக்கும்போது மட்டும் ஊளைன்னா கிரவுன் பினியன் பல்லோட இழுக்கிற முகம் தேய்ஞ்சிருக்கலாம், இல்ல ரெண்டும் பொருந்துற இடம் விலகியிருக்கலாம். காலை எடுத்தா மட்டும் ஊளைன்னா பினியன் பேரிங் தளர்வு, இல்ல பல்லோட எதிர் முகம். மிதிச்சாலும் விட்டாலும் ஒரே மாதிரி "கர்ர்ர்"னு அரைச்சா அது பேரிங். பம்ப்செட் மோட்டாரில் பேரிங் போனா வருமே, அந்தச் சத்தம். நம்ம ஊர் விவசாயிக்கு அதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

நேரே போகும்போது அமைதி, வளைவில் மட்டும் சத்தம்னா ரெண்டு வழி. இடது பக்கம் வளையும்போது எடை வலது சக்கரத்தில் ஏறும். அப்ப சத்தம் கூடி, வலது பக்கம் வளையும்போது குறைஞ்சா வலது சக்கர பேரிங் மேல சந்தேகம். எந்தப் பக்கம் வளைஞ்சாலும் சத்தம்னா டிஃபரன்ஷியலுக்குள்ள இருக்கிற சின்ன கியர்கள். அதுங்க வளைவில்தான் வேலையே செய்யும்.

முன் ஹவுசிங்கா பின் ஹவுசிங்கான்னு காதால் பிரிக்கிறது கஷ்டம், சத்தம் சேசிஸ் வழியா பரவிடும். ஆனா ஜிப்ஸி மாதிரி முன் சக்கர ஹப்பில் கையால் திருப்புற லாக் இருந்தா வேலை சுலபம். லாக்கை விடுவிச்சு ஓட்டுங்க. முன் ஹவுசிங்கும் முன் ஷாஃப்ட்டும் சுத்தாம நிக்கும். பிறகு லாக் போட்டு (ஃபோர் வீல் லீவரைத் தொடாம) அதே வேகத்தில் நேர் ரோட்டில் ஓட்டுங்க. இப்ப மட்டும் சத்தம் வந்தா அது முன் பக்கம். அஞ்சு நிமிஷ வேலை. ஒர்க்‌ஷாப்பில் இதே முடிவுக்கு வர அரை நாள் ஆகும்.

டயரை மறந்துடாதீங்க. பெரிய கட்டி வச்ச மண் ரோட்டு டயர் சமமா தேயலைன்னா அப்படியே ஹவுசிங் ஊளை மாதிரியே கத்தும். நல்ல வண்டியை "ஹவுசிங் போச்சு"ன்னு பயந்து விட்டுட்டு வந்தவங்களும் உண்டு. வித்தியாசம் சுலபம்: டயர் சத்தம் தார் ரோட்டிலிருந்து கான்கிரீட் ரோட்டுக்கு மாறினா மாறும், ஆக்சிலேட்டருக்கு அசையாது. ஹவுசிங் சத்தம் ரோட்டுக்கு மாறாது, ஆக்சிலேட்டருக்கு அசையும்.

அதிர்வு: இங்கே கொஞ்சம் கணக்கு போடலாம்

இது எனக்குப் பிடிச்ச பகுதி, ஏன்னா நம்பர் இருக்கு.

இந்த வண்டிகளோட டயர் ஒரு சுத்துக்கு ஏறக்குறைய 2.2 மீட்டர் ஓடும். 60 கி.மீ. வேகம்னா நிமிஷத்துக்கு 1,000 மீட்டர். 1,000-ஐ 2.2-ஆல் வகுத்தா சக்கரம் நிமிஷத்துக்கு சுமார் 455 சுத்து, அதாவது நொடிக்கு ஏழு, எட்டு. கிரவுன் பினியன் விகிதம் 4-க்கு 1-னு வச்சுக்கிட்டா, ஷாஃப்ட் நிமிஷத்துக்கு 1,800-க்கு மேல, நொடிக்கு 30. ஜாயின்ட் கிராஸ் ஒரு சுத்துக்கு ரெண்டு தடவை உதறும். அப்ப நொடிக்கு 60.

இந்த மூணும் உடம்புக்கு வேற வேற மாதிரி தெரியும். நொடிக்கு ஏழு எட்டுன்னா "தட தட"ன்னு கிட்டத்தட்ட எண்ணிடலாம். ஸ்டீயரிங் ஆடினா முன் சக்கரம், இருக்கை ஆடினா பின் சக்கரம். வீல் பேலன்ஸ், டயர் வீக்கம், வளைஞ்ச ரிம், இதெல்லாம் சின்னச் செலவு. நொடிக்கு 30-ன்னா எண்ண முடியாது. தரையும் கியர் லீவரும் "விர்ர்"னு நடுங்கும், கண்ணாடியில் பின்னாடி வர்ற வண்டி மங்கலா தெரியும். அது ஷாஃப்ட் பேலன்ஸ். ஷாஃப்ட்டில் ஒட்டின சின்ன எடைத் தகடு விழுந்திருக்கலாம், குழாய் எங்கேயோ பாறையில் இடிச்சு நசுங்கியிருக்கலாம். நொடிக்கு 60-ன்னா அது அதிர்வாகவும் இருக்கும், சத்தமாகவும் இருக்கும், காதை அடைக்கிற மாதிரி ஒரு "ம்ம்ம்". அது ஜாயின்ட், இல்ல ஷாஃப்ட் கோணம்.

ஷாஃப்ட்டில் ஒரு வேடிக்கையான கோளாறு உண்டு. நீள மாறுதலுக்காக ஷாஃப்ட் ரெண்டு துண்டா ஒண்ணுக்குள்ள ஒண்ணு நழுவுற மாதிரி இருக்கும். கழட்டும்போது அடையாளம் போடாம, திரும்ப மாட்டும்போது ரெண்டு பல் தள்ளி மாட்டிட்டா, முன் முனைக் கவையும் பின் முனைக் கவையும் ஒரே நேரில் நிக்காது. ஒரு ஜாயின்ட் உதறுறதை இன்னொரு ஜாயின்ட் சரிக்கட்டணும். இப்ப ரெண்டும் சேர்ந்து உதறும். எல்லாப் பாகமும் புதுசு, ஆனாலும் வண்டி நடுங்கும். "போன மாசம்தான் சார் கிராஸ் எல்லாம் புதுசு போட்டேன், அதுக்கப்புறம்தான் இது"ன்னு விற்கிறவர் சொன்னா முதல்ல இதைப் பாருங்க. சரி பண்ண புதுப் பாகமே தேவையில்லை. கழட்டி, நேர்படுத்தி, மாட்டினா போதும்.

இதே மாதிரி இன்னொண்ணு. ஹவுசிங்கில் ஆயில் கசியுதுன்னு பினியன் ஆயில் சீல் மாத்தியிருப்பாங்க. அதை மாத்த பினியன் நட்டைக் கழட்டணும். திரும்ப முறுக்கும்போது அளவு பார்க்காம ஏர் கன்னை வச்சு அடிச்சு முறுக்கினா, உள்ளே பேரிங் மேல இருக்க வேண்டிய அழுத்தம் மாறிப் போகும். கொஞ்ச நாளில் ஊளை ஆரம்பிக்கும். முன்னது இலவசம், இது பேரிங் செட் வரைக்கும் இழுத்துட்டுப் போகும். ரெண்டுமே "சமீபத்தில் வேலை பார்த்த" வண்டிகள்! அதனால "சமீபத்தில் என்ன வேலை பார்த்தீங்க?"ன்னு கேட்டு, பில்லை வாங்கிப் படிங்க.

ஜிப்ஸியில் மட்டும் கூடுதலா ஒண்ணு: டிரான்ஸ்ஃபர் கேஸ் உட்கார்ந்திருக்கிற ரப்பர் மவுன்ட். அது இத்துப்போனா பெட்டியே ஆடும், வண்டி முழுக்க நடுங்கும், கேட்கிறவங்க டிரான்ஸ்ஃபர் கேஸ் போச்சுன்னு நினைப்பாங்க. ரப்பர் மலிவு.

வண்டியை உயரம் தூக்கி, பெரிய டயர் போட்டு மாத்தியிருந்தா ஷாஃப்ட்டோட கோணமே மாறியிருக்கும். அந்த அதிர்வு பாகத்தில் இல்ல, அமைப்பில் இருக்கு. எத்தனை கிராஸ் மாத்தினாலும் போகாது. சட்டச் சிக்கலும் தனியா இருக்கு. கம்பெனி கொடுத்த வடிவத்துக்கு மாறா வண்டியை மாத்தக் கூடாதுன்னு உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் தெளிவா சொல்லியிருக்கு. எஃப்சி புதுப்பிக்கும்போதும், விபத்து க்ளெய்ம் போடும்போதும் கேள்வி உங்களைத்தான் கேட்பாங்க, விற்றவரை இல்ல.

இப்ப வண்டிக்கு அடியில் ஒரு பார்வை. ராம்ப்பில் ஏத்திப் பாருங்க. வெறும் ஜாக்கியில் நிக்கிற வண்டிக்கு அடியில் போகாதீங்க. ஒரு பக்க ஆக்சிலை மட்டும் தூக்கி வச்சு ஃபோர் வீல் போட்டு ஓட விடவும் கூடாது, தரையில் இருக்கிற சக்கரம் வண்டியை இழுத்துட்டுப் பாயும். ஷாஃப்ட்டைக் கையால் பிடிச்சு மேலும் கீழும் ஆட்டிப் பாருங்க. கிராஸ் ஓரத்தில் செம்மண் நிறத்தில் துருப்பொடி தெரிஞ்சா உள்ளே கிரீஸ் காய்ஞ்சு போச்சு. இது பணத்தோட நிக்கிற விஷயம் இல்ல. ஓடும்போது ஷாஃப்ட்டோட முன் முனை ஜாயின்ட் உடைஞ்சா, அந்த முனை தரையில் குத்தி வண்டியையே தூக்கும். ஹவுசிங் பிளக்கைத் திறந்து ஆயிலை விரலில் தொட்டுப் பாருங்க. கருப்பா இருக்கலாம், தப்பில்ல. பால் போட்ட டீ மாதிரி இருந்தா உள்ளே தண்ணி போயிருக்கு. ஓடையில் இறக்கி ஓட்டின வண்டி. மினுமினுன்னு உலோகத் துகள் தெரிஞ்சா பேரத்தை அங்கேயே நிறுத்தி யோசிங்க.

சரி, இதை ரூபாயா மாத்தலாம்

இனி வர்ற எண்கள் கணக்குப் புரியறதுக்கு நான் வச்சுக்கிட்டவை. உங்க மெக்கானிக் சொல்ற எண்ணைப் போட்டுக்கோங்க. வண்டி விலை 4,75,000 கேட்கிறாங்க. ஊளை இருக்கு. மூணு சாத்தியம்: ஜாயின்ட்டும் ஷாஃப்ட் பேலன்ஸும்னா 6,000, பினியன் பேரிங்கும் சீலும் கூலியும்னா 18,000, கிரவுன் பினியன் செட்டே போச்சுன்னா 55,000.

சோதனை எதுவும் பண்ணாம போனா பேரம் எப்படி முடியும்? விற்கிறவர் பெருந்தன்மையா "ரிப்பேருக்குப் பத்தாயிரம் குறைச்சுக்கோங்க"ம்பார். நீங்களும் சந்தோஷமா கை குடுப்பீங்க. மூணும் சமமா நடக்கலாம்னு வச்சா சராசரி 26,333 ரூபாய். பத்தாயிரம் அதில் பாதி கூட இல்ல.

சராசரியும் உங்களுக்கு உதவாது. வருஷத்துக்கு முப்பது வண்டி வாங்கி விற்கிற புரோக்கருக்குச் சராசரி செல்லும். ஒண்ணில் போனது இன்னொண்ணில் வரும். நீங்க வாங்குறது ஒரே வண்டி. உங்களுக்கு 26,333 பில்லே வராது. 6,000 வரும், இல்ல 18,000, இல்ல 55,000. சோதனை பண்ணாத வரைக்கும் உங்க கையில் 55,000 தனியா இருக்கணும். அது இல்லேன்னா வண்டிக்கான பட்ஜெட் 4,75,000 இல்ல, 4,20,000-தான்.

இப்ப ஒரு மெக்கானிக்குக்கு 2,000 ரூபாய் கொடுத்து ராம்ப்பில் ஏத்திப் பார்க்கிறோம்னு வைங்க. "மிதிச்சா மட்டும் ஊளை, எல்லாக் கியரிலும், நியூட்ரலில் இல்ல, ஆயிலில் துகள்"னு உங்க பேப்பரில் இருக்கு. மூணு சாத்தியம் ஒண்ணாச்சு. 55,000-க்கான எஸ்டிமேட்டை எழுதி வாங்கி மேஜையில் வைங்க. "சத்தம் வருதே"ன்னு சொல்ற ஆளுக்கும் "இந்தச் சத்தம், இந்த வேலை, இந்தத் தொகை"ன்னு சொல்ற ஆளுக்கும் கிடைக்கிற விலை வேற. ரோட்டில் ஓட்டிப் பார்த்து அது வெறும் டயர் சத்தம்னு தெரிஞ்சாலும் லாபம்தான். மத்தவங்க பயந்து விட்டுட்டுப் போன வண்டியை நீங்க நிம்மதியா வாங்கலாம்.

வாங்கின பிறகு ரிப்பேர் பார்த்துக்கலாம்னு நினைக்கிறவங்க மூணு விஷயம் கவனிங்க. ஒண்ணு, மோட்டார் இன்ஷூரன்ஸ் விபத்துக்கு. தேய்மானத்துக்கும் இயந்திரக் கோளாறுக்கும் இல்ல. ஹவுசிங் உள்ளே பல் தேய்ஞ்சா ஒரு ரூபாய் வராது.

ரெண்டு, கடன். பழைய வண்டிக் கடனை ஃப்ளாட் வட்டியில் சொல்லுவாங்க. 3 வருஷத்துக்கு 9 சதவீத ஃப்ளாட்னா, குறையும் நிலுவைக் கணக்கில் அது 16 சதவீதத்துக்கும் மேல. அந்த இஎம்ஐ ஓடிக்கிட்டிருக்கும்போது 55,000-க்கு நகையை அடகு வைக்கிற நிலைமை வந்தா, மலிவா வாங்கின வண்டி மலிவு இல்ல.

மூணாவதைத்தான் யாரும் யோசிக்கிறதில்லை. வியாபாரம் பண்றவர் முறையான கணக்கு எழுதினா வண்டி மேல வருஷம் 15 சதவீதம் தேய்மானம் எடுக்கலாம். வரியில் கொஞ்சம் திரும்பக் கிடைக்கும். ஆனா வாங்கின உடனே, ஓட்டுற நிலைக்குக் கொண்டுவரச் செய்த பெரிய ரிப்பேரை அந்த வருஷச் செலவா எழுத முடியாது. அது வண்டியோட விலையில் சேரும், தேய்மானமா கொஞ்சம் கொஞ்சமாத்தான் வரும். விற்பனையில் 6 அல்லது 8 சதவீதம்னு உத்தேச வருமானம் காட்டுறவங்களுக்குத் தனியா எந்தக் கழிவும் இல்ல. விவசாய வருமானம் மட்டும் உள்ளவருக்கு வருமான வரியே இல்ல. கழிக்க எதிர்ப்பக்கத்தில் ஒண்ணுமில்ல. 55,000-ன்னா முழு 55,000-மும் எலுமிச்சை வித்த காசிலிருந்துதான் போகும்.

ஆவணப் பக்கம் சுருக்கமா. சொந்த உபயோக வண்டிக்கு ஆர்சி 15 வருஷம், அதுக்குப் பிறகு 5 வருஷத்துக்கு ஒரு தடவை புதுப்பிக்கணும். 2011 தார்னா இந்தச் செலவு உடனே காத்திருக்கு. பசுமை வரியும் சேரும். 20 வருஷம் தாண்டின காருக்கும் ஜீப்புக்கும் புதுப்பிப்புக் கட்டணத்தை 2025 ஆகஸ்டில் 10,000 ரூபாயா உயர்த்திட்டாங்க. ஆர்சியில் கடன் பதிவு இருக்கான்னு பாருங்க. பணத்தை வங்கி வழியா கொடுங்க. ஒரே பரிவர்த்தனையில் 2 லட்சம் அல்லது அதுக்கு மேல ரொக்கமா வாங்குறவருக்கு அபராதம் உண்டு, அதைச் சொன்னாலே விற்கிறவர் வங்கிக்கு வந்துடுவார். ஜிஎஸ்டி பதிவுள்ள டீலர்னா அவரோட லாபத் தொகை மேல 18 சதவீதம் அவர் கட்டணும், முழு விலை மேல இல்ல. தனி நபர்கிட்ட வாங்கினா ஜிஎஸ்டி கிடையாது.

விலை முடிஞ்சா ஒப்பந்தத் தாளில் "உள்ளது உள்ளபடி"ன்னு பொதுவா ஒரு வரி எழுதி முடிக்காதீங்க. "பின் ஹவுசிங்கில் ஆக்சிலேட்டர் மிதிக்கும்போது ஊளைச் சத்தம் இருப்பது இருவருக்கும் தெரியும், அதற்காக விலையில் இவ்வளவு குறைக்கப்பட்டது"ன்னு எழுதுங்க. முன் ஹவுசிங், டிரான்ஸ்ஃபர் கேஸ் பத்தி விற்றவர் என்ன சொன்னாரோ அதையும் ஒரு வரி சேருங்க.

வண்டி வீட்டுக்கு வந்த வாரமே கியர் பாக்ஸ், டிரான்ஸ்ஃபர் கேஸ், ரெண்டு ஹவுசிங், எல்லாத்திலும் ஆயிலை மாத்திடுங்க. எதில் எந்த கிரேடுன்னு வண்டியோட கையேட்டில் இருக்கும். ஹவுசிங்குக்கு ஊத்துற ஜிஎல்-5 ஆயிலைக் கியர் பாக்ஸுக்கும் ஊத்தணும்னு அவசியம் இல்ல, சில பெட்டிகளோட பித்தளைப் பாகங்களுக்கு அது ஆகாது. ஹவுசிங் மேல இருக்கிற காத்துக் குழாய் மண்ணடைச்சிருந்தா ஊதிச் சுத்தம் பண்ணுங்க. அது அடைச்சா உள்ளே அழுத்தம் ஏறி, புது சீலும் கசியும். 1,000 கி.மீ. ஓடினதும் டிரெயின் பிளக்கைத் திரும்பத் திறந்து பாருங்க. காந்த நுனியில் சாம்பல் நிறத்தில் மை மாதிரி ஒட்டியிருந்தா சாதாரணம், துடைச்சு மாட்டிடலாம். நகத்தில் சிக்குற மாதிரி துண்டா ஏதாவது இருந்தா, அதை ஒரு பேப்பரில் மடிச்சு எடுத்துட்டு அன்னைக்கே மெக்கானிக்கிட்ட போங்க.